முறுக்கு உழக்கில் அகப்படாத கிளை: பாலித்தீன் குழம்பின் ஓட்டமும் தளர்வும்

1. கேள்வி

திண்டுக்கல் சமவெளியில் பொழுது விடிந்து வெயில் ஏறுவதற்குள் மூன்று விதமான பாலித்தீன் நம் கண்ணில் படுகிறது. வாசலில் வந்து விழும் ஆவின் பால் பாக்கெட் ஒன்று. ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் செடியின் தூரில் நீர் சொட்டும் கறுப்புக் குழாய் இரண்டாவது. தொட்டால் சலசலக்கும் மெல்லிய கேரி பை மூன்றாவது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை நடப்பில் இருந்தும் கடைவீதிகளிலிருந்து அது முற்றாக மறைந்துவிடவில்லை.

வேதியியல் பாடத்தில் மூன்றும் ஒன்றுதான். கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்க, ஒவ்வொன்றின் மீதும் இரண்டு ஹைட்ரஜன் அமர்ந்திருக்கும் நெடுஞ்சங்கிலி. ஆனால் மூன்றையும் தனித்தனியே உருக்கிப் பார்த்தால் மூன்று வேறு பொருள்கள் போல நடந்துகொள்கின்றன. ஒன்று குமிழாக ஊதக் கொடுக்கிறது. ஒன்று அச்சு வாயில் முரண்டு பிடிக்கிறது. ஒன்று இழுத்த இழுப்புக்கெல்லாம் மெலிந்துகொண்டே போகிறது. வேறுபாட்டின் வேர், சங்கிலி நேராக ஓடுகிறதா, கிளைவிட்டிருக்கிறதா, விட்ட கிளை எவ்வளவு நீளம் என்பதில் இருக்கிறது.

நம் வணிகமும் சட்டமும் பாலித்தீனை மூன்று அளவுகோல்களால் எடைபோடுகின்றன: அடர்த்தியை வைத்துச் சூட்டிய பெயர், உருகு ஓட்ட எண், மைக்ரான் கணக்கிலான தடிமன். இந்த மூன்றில் எதற்காவது அந்தக் கிளை தெரிகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தெரியவில்லை என்பதும், புதுப் பாலித்தீனில் பெரிதாகத் தோன்றாத இந்தக் குறை மறுசுழற்சியில் கனமானதாகிறது என்பதும் இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

2. இரண்டு வகைக் கிளை, ஒரே பெயர்

பாலித்தீன் திட்டமிட்டுப் பிறந்த பொருளன்று. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் பேரழுத்தத்தில் வைத்துச் சூடேற்றினர். எதிர்பார்த்த வினை நடக்கவில்லை; கலத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழி 1935இல் கைக்கு வந்தது. 1939இல் ஆலை உற்பத்தி தொடங்கியது.

இந்தப் பேரழுத்த முறையில் சங்கிலியை வளர்ப்பது தனியுறுப்புகள் எனப்படும் நிலையற்ற முனைகள். அவற்றுக்குக் கட்டுப்பாடு கிடையாது. வளரும் முனை சில நேரம் தன் வாலையே திரும்பிக் கடித்து, நாலைந்து கார்பன்களுக்குப் பின்னாலிருந்து மறுபடி வளரத் தொடங்கும். விட்டுப்போன நுனி குட்டைக் கிளையாக நிற்கும். இந்த விளக்கத்தை 1953இல் முன்வைத்தவர் டூபாண்ட் நிறுவனத்தின் ரோடெல். சில நேரம் வளரும் முனை பக்கத்துச் சங்கிலியின் நடுவிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த இடத்தில் புதுச் சங்கிலி ஒன்று முளைத்து, தாய்ச் சங்கிலிக்கு இணையான நீளத்துக்கும் வளர்ந்துவிடும். அதுவே நெடுங்கிளை. பேரழுத்தப் பாலித்தீனில் ஆயிரம் கார்பனுக்கு இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் குட்டைக் கிளைகள் இருக்கும். நெடுங்கிளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

1953இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கி, பேரழுத்தம் இல்லாமலே எத்திலீனைக் கிளையற்ற நேர்ச்சங்கிலியாகக் கோத்தது. சீக்லருக்கும் இத்தாலியின் ஜூலியோ நட்டாவுக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் அதே வகை வினையூக்கிகளைக் கொண்டு, எத்திலீனுடன் பியூட்டீன், ஹெக்சீன், ஆக்டீன் ஆகியவற்றில் ஒன்றைச் சிறிதளவு சேர்த்து, குட்டைக் கிளை மட்டும் உள்ள நேர்ச்சங்கிலியையும் செய்தார்கள். 1970களின் பிற்பகுதியில் வாயுநிலை முறை வந்ததும் அது மலிவாகப் பெருகியது. சொட்டுநீர்க் குழாய்க்குரிய பாலித்தீன் இதுதான். கடையில் சலசலக்கும் பை கிளையற்ற உயர் அடர்த்தி வகை. பால் பாக்கெட்டின் படலமோ பேரழுத்த வகையையும் குட்டைக் கிளை வகையையும் கலந்து ஊதப்படுகிறது.

பெயர் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. குறை அடர்த்தி, உயர் அடர்த்தி என்பன திடப்பொருளைப் பற்றிய சொற்கள். குட்டைக் கிளைகள் சங்கிலிகள் அடுக்காகப் படிவதைத் தடுக்கின்றன. படிகம் குறைகிறது, அடர்த்தி குறைகிறது, உருகுநிலையும் இறங்குகிறது. உருகிய பின் படிகம் ஏது? அப்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விதமே ஓட்டத்தை ஆள்கிறது. அந்தப் பின்னலில் நாலு கார்பன் நீளக் கிளைக்குப் பெரிய பங்கு கிடையாது. ஆக, குட்டைக் கிளை திடத்தை ஆள்கிறது, நெடுங்கிளை குழம்பை ஆள்கிறது. அடர்த்தியால் வைத்த பெயர் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

3. முள்ளடைப்பிலிருந்து விளாரை உருவுதல்

குழம்பு ஓடுவது என்றால், பின்னிக் கிடக்கும் சங்கிலிகள் ஒன்றிலிருந்து ஒன்று விடுபட்டு இடம் மாறுவது. தளர்வு என்றால், இழுபட்ட சங்கிலி தன் பழைய தாறுமாறான சுருளுக்குத் திரும்புவது. இரண்டுக்கும் ஒரே கடிகாரம்தான்: சங்கிலி தன் பின்னலிலிருந்து வெளியேற எடுக்கும் நேரம்.

சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடைத்த வேலியிலிருந்து கொப்பு உருவியவர்களுக்கு இந்த இயற்பியல் பாதி தெரியும். கிளை கழித்த நேர் விளார் என்றால் அதன் நீளவாக்கில் இழுத்தால் வந்துவிடும். கவட்டை என்றால் வராது. ஏதாவது ஒரு கையை அது நுழைந்த வழியே பின்வாங்கி எடுத்தாக வேண்டும்.

நேர்ச்சங்கிலிக்கான கோட்பாட்டை 1971இல் பிரான்சின் பியேர்-ஜில் டி ஜென் சொன்னார். சுற்றியுள்ள சங்கிலிகள் ஒரு குழாய் போல அமைய, சங்கிலி அதற்குள் பாம்பாக ஊர்ந்து வெளியேறுகிறது என்பது அவர் படம். ஜப்பானின் மசாவோ டோயும் பிரிட்டனின் சாம் எட்வர்ட்ஸும் 1978இல் அதை முழு ஓட்டக் கோட்பாடாக்கினர். எளிய ஊர்வுக் கணக்கு, பாகுநிலை மூலக்கூறு எடையின் 3ஆம் அடுக்கில் ஏறும் என்கிறது, சோதனைகள் 3.4ஐ ஒட்டிய அடுக்கைக் காட்டுகின்றன. சோதனைக் கணக்கின்படி சங்கிலி இரண்டு மடங்கு நீண்டால் குழம்பு பத்து மடங்குக்குச் சற்று மேல் கெட்டிப்படும்.

கிளை வந்தால்? இரண்டு வாசிப்புகள் எதிரெதிராக நின்றன. 1949இல் சிம்மும் ஸ்டாக்மேயரும் காட்டிய கணக்கின்படி, ஒரே எடையில் கிளைத்த மூலக்கூறு நேர்மூலக்கூறைவிடச் சிறிய உருண்டையாகச் சுருளும். சிறியது எளிதில் நகரும், எனவே கிளை பாகுநிலையைக் குறைக்க வேண்டும் என்பது முதல் வாசிப்பு. 1965இல் கிராஸும் குருவரும் நட்சத்திர வடிவப் பாலிபியூட்டாடையீனை அளந்தபோது, கைகள் குட்டையாக இருக்கும்வரை அப்படியே இருந்தது. கைகள் நீண்டதும் நிலைமை தலைகீழானது: அதே எடையுள்ள நேர்ச்சங்கிலியைவிட நட்சத்திரம் பன்மடங்கு கெட்டிப்பட்டது.

முரணைத் தீர்த்தது கவட்டைக் கணக்குதான். நட்சத்திரத்தால் பாம்பாக ஊர முடியாது, கைகள் சேரும் கணு தடுக்கிறது. ஒவ்வொரு கையும் தன் நுனியிலிருந்து கணு வரை தற்செயலாக மடங்கிப் பின்வாங்கும் வரை காத்திருக்க வேண்டும். காசு சுண்டுவதை நினைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து 5 முறை பூ விழ 32இல் ஒரு வாய்ப்பு. 10 முறை விழ 1024இல் ஒன்று. கை நீள நீள வாய்ப்பு இப்படித்தான் தேய்கிறது. அதனால் தளர்வு நேரம் கை நீளத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. கைகளின் எண்ணிக்கை அவ்வளவாகப் பொருட்டில்லை. இந்தக் கணக்கு முதலில் தந்த நேரம் அளவுக்கு மீறி நீண்டிருந்தது. 1989இல் பால் (Ball), மெக்லீஷ் இருவரும் அதைத் திருத்தினர்: முன்னதாகத் தளர்ந்துவிட்ட நுனிப் பகுதிகள், இன்னும் தளராத பகுதிகளுக்குக் கரைப்பான் போல ஆகிப் பின்னலை நெகிழ்த்துகின்றன. திருத்திய கணக்கு சோதனையோடு நன்றாக ஒத்துப்போயிற்று.

இரு வாசிப்பும் தத்தம் எல்லைக்குள் சரி. பின்னலுக்குப் போதாத கிளை மூலக்கூறைச் சுருக்கி ஓட்டத்தை எளிதாக்குகிறது. பின்னிக்கொள்ளும் அளவு நீண்ட கிளை, மெதுவான ஓட்டத்துக்குப் பூட்டாகிறது. பாலித்தீனில் ஏறக்குறைய நூறு கார்பன் நீளத்துக்கே ஒரு பின்னல் விழுந்துவிடுவதால், பூட்டாகும் கிளை மிக நீண்டதாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ‘கிளை கெட்டியாக்குமா, இளக்குமா’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதே பிழை. எவ்வளவு நீளக் கிளை, எந்த வேகத்தில் ஓட்டம் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

4. இழுக்கும்போது வெளிப்படும் குணம்

பால் பாக்கெட்டின் படலம் செய்வதைப் பார்த்தால் இந்தக் கோட்பாடு தரையிறங்கும். வட்டமான அச்சு இடுக்கு வழியே உருகிய பாலித்தீன் குழலாக மேலெழும். உள்ளே காற்றை ஊத, குழல் குமிழாகப் புடைக்கும். குளிர்ந்த குமிழை மடித்துச் சுருட்டுவார்கள். இங்கே குழம்பு இரண்டு சோதனைகளைக் கடக்கிறது: அச்சு இடுக்கில் வேகமான சறுக்கல், வெளியே வந்ததும் இழுவை.

இடுக்கில் நெடுங்கிளை வகை சீக்கிரம் இளகிக்கொடுக்கிறது. அதன் தளர்வு மெதுவானது. வேகமான சறுக்கலில் பின்னல்கள் மறுபடி உருவாக அவகாசம் இல்லாததால் பாகுநிலை சரிகிறது. நேர்ச்சங்கிலி வகை அவ்வளவு இளகுவதில்லை. எந்திரத்தின் மோட்டார் திணறும், அழுத்தம் ஏறும், வெளிவரும் குழலின் மேற்பரப்பு சுறாத் தோல் போலச் சொரசொரக்கும். இதன் பின்னுள்ள ஒரு சிக்கல், குழம்பு உலோகச் சுவரில் ஒட்டுகிறதா வழுக்குகிறதா என்பது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஆர்.ஏ. மஷேல்கர், ஆசிஷ் லெலே முதலானோர் இந்த வழுக்கலை ஆராய்ந்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் கதை மாறுகிறது. குமிழின் ஓரிடம் சற்று மெலிந்தால் நேர்ச்சங்கிலிக் குழம்பில் அந்த இடம் மேலும் மெலியும். குமிழ் ஆடும், கிழியவும் செய்யும். நெடுங்கிளைக் குழம்பில் இழுபட்ட இடம் இறுகுகிறது. அது இறுகவும் இழுவை பக்கத்துத் தடித்த இடங்களுக்குப் போகிறது. குமிழ் தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது.

ஏன் இறுகுகிறது என்பதற்கு 1998இல் மெக்லீஷும் லார்சனும் ஒரு எளிய மாதிரி கொடுத்தார்கள். சடையின் இரு முனையிலும் குஞ்சம் கட்டியது போல ஒரு மூலக்கூறு. நடுச்சங்கிலி இழுபடும்போது சுருங்கித் தப்பப் பார்க்கும். இரு முனைக் குஞ்சங்களும் சுற்றியுள்ள பின்னலில் மாட்டிக்கொண்டு விடாது. நடுப்பகுதி நீண்டு விறைக்கும்; குழம்பு இறுகும். இழுவை ஓர் எல்லையைத் தாண்டினால் குஞ்சமே குழாய்க்குள் உருவி வந்துவிடும். இறுக்கம் அங்கே நிற்கும். உண்மையான பேரழுத்தப் பாலித்தீன் மரம் போல் கிளைக்குக் கிளை விட்டது. ஒற்றைக் குஞ்சச் சடை அன்று. அதனால் பல அளவுக் குஞ்சங்களைக் கூட்டிச் சேர்த்துத்தான் சோதனையோடு பொருத்துகிறார்கள். பொருத்தம் நன்றாக அமைவதாலேயே மூலக்கூறின் உருவம் தெரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்ற எச்சரிக்கை இங்கே தேவை.

பால் பாக்கெட்டில் இரண்டு வகையையும் கலப்பதன் காரணம் இப்போது துலங்கும். குமிழ் நிலைக்க நெடுங்கிளை வகை. பாக்கெட் தரையில் விழுந்தாலும் கிழியாமலிருக்க, ஒட்டிய விளிம்பு பிரியாமலிருக்க நேர்ச்சங்கிலி வகை. பால் நிரப்பும் எந்திரத்தில் சூட்டுத் தாடைகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே படலத்தைக் கவ்வுகின்றன. அதற்குள் இருபக்கச் சங்கிலிகளும் எல்லை தாண்டி ஊர்ந்து பின்னிக்கொள்ள வேண்டும். ஊர்வதற்குக் கவட்டையைவிட விளார் மேல்.

5. ஒற்றை எண் காணாதவை

உருகு ஓட்ட எண்ணைக் கணிக்கும் கருவியை நம் அடுப்படியில் பார்த்திருக்கிறோம். அது ஒரு முறுக்கு உழக்கு. 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள உருளையில் பாலித்தீனை இட்டு, 2.16 கிலோ எடையுள்ள தண்டால் அழுத்தி, இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் விட்டமுள்ள துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் பிழியப்படுகிறது என்று நிறுப்பது. எளிது, மலிவு, உலகம் முழுக்க ஒரே முறை. வணிகம் இதைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு.

ஆனால் அது ஒரே ஒரு மெதுவான வேகத்தில், சறுக்கலை மட்டும் அளக்கிறது. படலத்தின் அச்சு இடுக்கில் வேகம் அதைப்போல நூறு மடங்கு வரை போகலாம். குமிழின் இழுவையோ இந்தக் கருவிக்குள் சோதிக்கப்படுவதே இல்லை. அதனால் ஒரே எண் உள்ள இரண்டு பாலித்தீன்களில் ஒன்று ஊதக் கொடுத்து, மற்றது கிழிந்து போவது வியப்பன்று.

இதே கருவியில் பத்து மடங்கு எடை ஏற்றி, இரண்டு அளவுகளின் விகிதத்தைப் பார்க்கும் வழக்கமும் உண்டு. நெடுங்கிளை இருந்தால் விகிதம் கூடும். குட்டையும் நெட்டையுமாகச் சங்கிலிகள் கலந்திருந்தாலும் கூடும். எது காரணம் என்று விகிதம் சொல்லாது. விலை உயர்ந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியும் இங்கே தடுமாறுகிறது. வழக்கமான அளவீட்டில் அதற்கு ஆறு கார்பன் கிளையும் ஆறாயிரம் கார்பன் கிளையும் ஒன்றுபோலவே தெரியும். பத்தாயிரம் கார்பனுக்கு ஒன்று என்ற அளவில் நெடுங்கிளை இருந்தாலே குழம்பின் ஓட்டம் மாறிவிடுகிறது. கிளையைக் காண்பதில் ஓட்டமே கூரிய கருவி. நாம் அதை ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எளிய மாற்று ஒன்று உண்டு. கிளையற்ற பாலித்தீனின் ஓட்டத்துக்கு மோலுக்கு ஏறக்குறைய 27 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் வேண்டும். நெடுங்கிளை வகைக்கு 50ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வேண்டும். கணக்கிட்டால், 190இலிருந்து 230 டிகிரிக்கு ஏற்றும்போது முதல் வகை இரண்டு மடங்குக்குக் குறைவாக இளகும். இரண்டாவது ஏறத்தாழ மூன்று மடங்கு இளகும். அதே முறுக்கு உழக்கில் இரண்டு சூட்டில் நிறுத்தாலே கிளையின் சாடை தெரியும். கலவைகளில் இந்தச் சாடை மங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் ஒற்றை எண்ணைவிட இது மேல்.

6. காயலான் கடைக்குப் பிறகு

புதுப் பாலித்தீனில் இந்தக் குறை பெரிதாகத் தோன்றாமல் இருக்கக் காரணம், ஆலை தன் தரப் பட்டியலில் எது எந்த வகை என்று சொல்லிவிடுவதுதான். காயலான் கடையை அடைந்த பால் பாக்கெட்டிலும் கிழிந்த பசுமைக்குடில் படலத்திலும் அந்தப் பட்டியல் இல்லை. ரெட்டியார்சத்திரத்தின் காய்கறி மகத்துவ மையம் போன்ற இடங்களிலிருந்து பரவும் பசுமைக்குடில் சாகுபடியும், நிலப்போர்வையும், சொட்டுநீரும் இந்தச் சமவெளியில் பாலித்தீனின் வரத்தைக் கூட்டியிருக்கின்றன. மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 4 என்று முத்திரையிட்டால் குறை அடர்த்தி என்று பொருள். நெடுங்கிளை வகையும் குட்டைக் கிளை வகையும் பெரும்பாலும் அந்த ஒரே முத்திரைக்குள் வந்துவிடுகின்றன.

வெயிலும் மறு உருக்கலும் சங்கிலியை இரண்டு விதமாக மாற்றுகின்றன. சில இடங்களில் அறுக்கின்றன. சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிப் புதுக் கிளையாக்குகின்றன. அறுந்தால் ஓட்ட எண் ஏறும், கிளைத்தால் இறங்கும். இரண்டும் ஒருசேர நடந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, எண் அசையாமல் நிற்கலாம். பொருள் மாறியிருக்க, எண் மட்டும் ‘பழையபடியே’ என்று சான்று சொல்லும். ஒற்றை எண்ணின் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுவே.

சட்டத்தின் அளவுகோல் இன்னும் தொலைவில் நிற்கிறது. கேரி பையின் குறைந்தபட்சத் தடிமன் 2016 விதிகளில் 50 மைக்ரான்; 2021 செப்டம்பர் 30 முதல் 75; 2022 டிசம்பர் 31 முதல் 120. தடித்த பையைப் பொறுக்கிச் சேர்க்க ஆள் கிடைப்பார்கள் என்பது இதன் நியாயம். சேகரிப்பைப் பொறுத்தவரை அது சரியே. சேர்த்ததை எதோடு எதைக் கலந்து உருக்குவது என்பதற்கு மைக்ரானில் விடையில்லை.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. மறுசுழற்சியைக் கெடுப்பவை மண்ணும் மையும் பாலிப்ரொப்பிலீன் கலப்பும்தான்; கிளை பற்றிய கவலை ஆய்வகத்தின் ஆடம்பரம் என்பது முதலாவது. முன்பாதியை ஏற்கலாம். பாலிப்ரொப்பிலீன் பாலித்தீனோடு கலக்க மறுப்பது எந்தக் கிளைச் சிக்கலையும்விடப் பெரிய தொல்லை. ஆனால் கழுவிப் பிரித்தெடுத்த பிறகும் ஒரு தொகுதி ஊதக் கொடுக்கிறது, அடுத்த தொகுதி கிழிகிறது என்ற நிலை வந்தால், அதை விளக்க ஒற்றை எண்ணிடம் சொல் இல்லை.

இரண்டாவது மறுப்பு பக்கத்திலிருக்கும் மதுரையிலிருந்து வருகிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் இரா. வாசுதேவன், துண்டாக்கிய கழிவுப் பிளாஸ்டிக்கை 170 டிகிரியை ஒட்டிய சூட்டில் உள்ள சல்லியின் மீது தூவி, அது உருகிப் படிந்த பிறகு தார் சேர்க்கும் முறையை உருவாக்கினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பேரழுத்த வகையும் நேர்ச்சங்கிலி வகையும் அந்தச் சூட்டில் உருகிவிடுகின்றன. அங்கே குமிழும் இல்லை, இழுவையும் இல்லை. கல்லில் மெல்லப் பரவி ஒட்டினால் போதும். கிளையைப் பிரித்தறியாமலே ஒரு நல்ல பயன் கைகூடியிருக்கிறது. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை மறுப்பதைவிட அதன் எல்லையை வரைகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இழுக்கத் தேவையில்லாத பயனுக்குக் கிளை பொருட்டன்று. படலம் மறுபடி படலமாக வேண்டும் என்றால் அது பொருட்டு. சாலைக்குப் போன பாலித்தீன் திரும்பி வருவதில்லை. பையாகவோ நிலப்போர்வையாகவோ ஊதப்படுவதுதான் சுழற்சி என்ற சொல்லுக்கு நெருக்கமானது.

7. முடிவாக

அடர்த்திப் பெயர் திடத்தைச் சொல்கிறது. மைக்ரான் வடிவத்தைச் சொல்கிறது. உருகு ஓட்ட எண் மெதுவான சறுக்கலை மட்டும் சொல்கிறது. உருகிய பாலித்தீன் எவ்வளவு நேரம் தன் இழுபட்ட நிலையை நினைவில் வைத்திருக்கும் என்பதை மூன்றும் சொல்வதில்லை. படலத்தொழிலோ அந்த நினைவின் மீதுதான் நிற்கிறது.

இதற்குத் திண்டுக்கல்லின் மறுசுழற்சிப் பட்டறைகள் ஒத்ததிர்வுக் கருவி வாங்க வேண்டியதில்லை. தொகுதிக்கு ஒரு முறை, இரண்டு எடையிலும் இரண்டு சூட்டிலும் நிறுத்து நான்கு எண்களாக எழுதிவைத்தால் போதும். சந்தேகம் வந்தால், பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் சிப்பெட் நிறுவனத்தின் மதுரை மையம் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. நான்கு எண்களும் சேர்ந்தும் கிளையின் உருவத்தை வரைந்துவிடாது. கையிலிருப்பது விளாரா, கவட்டையா என்பதை, உருவத் தொடங்கும் முன்பே ஓரளவு சொல்லிவிடும்.